வேன் திரும்பும்போது சொல்லுங்கள்

என் வேலை என்னவென்று குமாரபாளையத்தில் யாரிடமும் விளக்கி ஜெயித்ததில்லை. பெரிய வேலை ஒன்றைப் பொடிப் பொடியாக நறுக்கி ஓர் இணையதளத்தில் போடுவோம். முன்பின் தெரியாத பல பேர் அவரவர் போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து முடிப்பார்கள். அதற்கான காசு அவரவர் கணக்குக்குப் போய்விடும். வேலையை நறுக்குவதும், எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதும், வந்த பதில்களில் நல்லது எது சொத்தை எது என்று பிரிப்பதும் என் பொறுப்பு. இவ்வளவையும் கேட்டுவிட்டு எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், "அப்ப நீ மேஸ்திரின்னு சொல்லு கண்ணு" என்றார். என் மேனேஜர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரு அலுவலகத்தில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு இங்கே விசைத்தறி. தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் வர முடியாது என்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். கீழே தறி ஓட, மாடி அறையில் என் வேலை ஓடியது. மீட்டிங்கில் நான் பேச வாயைத் திறந்தாலே மற்றவர்கள், பின்னால் ரயில் போகிறதா என்று கேட்பார்கள். ரயில்தான், எங்கள் வீட்டில் அது நிற்பதே இல்லை என்பேன்.

கம்பெனி கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். தமிழில் புது வேலை ஒன்று வந்திருக்கிறது, அதை ஊரிலிருந்தபடியே நடத்திக் காட்டு, வெள்ளோட்டம் தேறிவிட்டால் நீ அங்கேயே இருந்துகொள்ளலாம், தேறாவிட்டால் எல்லோரையும் போல ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டியதுதான் என்றார். நல்ல மனிதர், அதனால் இதையே மிகவும் மென்மையாகச் சொன்னார். திரும்பிப் போவதென்றால் சனி ஞாயிறு மட்டும் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட, இந்த வீடு எனக்குப் பிடித்துப்போயிருந்தது. விஷயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அத்தையிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

வேலை இதுதான். இணையத்தில் சேலை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, படத்தில் ஒரு சேலையைப் பார்த்ததும் பெண்கள் மனதில் உண்மையாக என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒரு படத்தைக் காட்டினால், பார்ப்பவர் தன் அபிப்பிராயத்தை இரண்டு வரி எழுத வேண்டும். ஒரே படம் சில பேருக்குத் தனித்தனியாகப் போகும். ஆளுக்கு ஆள் ரசனை எப்படி மாறுகிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. முதல் சுற்றுக்குத் தெரிந்த பெண்களையே சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

சேலை கட்டுகிற, அபிப்பிராயம் இருக்கிற பெண்களுக்கா எங்கள் வீதியில் பஞ்சம்? அத்தை முதல் ஆளாகச் சேர்ந்தார். துண்டு மடிக்கும் எதிர்வீட்டு அக்கா, மூலைக்கடைத் தையல்கார அக்கா, இன்னும் அக்கம்பக்கத்தில் சிலர், எடப்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் நாத்தனார், எல்லோருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தேன். ஒரு புளியமரத்தை உலுக்க வந்தவள்போல, கொட்டப்போவதைப் பொறுக்கக் கூடையோடு உட்கார்ந்தேன்.

வந்த பதில்களைத் திறந்தேன். முதல் சேலை: நல்லாருக்குது. இரண்டாவது: நல்லாருக்குது. கண் கூசும் ஒரு மஞ்சளில் ஊதாப் பூப்போட்ட சேலை இருந்தது. அதை வடிவமைத்தவனுக்கே அதன் மேல் சந்தேகம் இருந்திருக்கும். அதற்கும் எல்லோரும் ஒருவர் விடாமல் நல்லாருக்குது. எடப்பாடி நாத்தனார் உட்பட.

தளம் விழித்துக்கொண்டது. ஒரே ஆள் பல போன்களை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறான் என்று முடிவுசெய்து அத்தனை கணக்கையும் நிறுத்தி வைத்துவிட்டது. மேனேஜரிடமிருந்து கேள்வி வந்தது. ஒரு டீ குடித்தால் தேவலை என்று கீழே இறங்கினேன்.

கூடத்தில் மாநாடு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வைஃபையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் அடுத்த சேலை வரமாட்டேன் என்கிறது என்று திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தை. காதில் வைத்த இன்னொரு போனில் எடப்பாடி.

"ஏனுங்கத்தை, எல்லாரும் ஒண்ணா ஒக்காந்தா போடறீங்க?" என்றேன்.

"பின்ன? ஆளுக்கொண்ணு போட்டா நல்லாவா இருக்கும்? நான் பாத்துச் சொல்லுவேன், எல்லாரும் ஒண்ணாட்டமே போட்டுருவோம். ஒரு சேலை தப்பலை கண்ணு, வேணும்னா பாத்துக்க."

"எல்லாத்துக்கும் நல்லாருக்குதுன்னா எப்புடிங்கத்தை? அந்த மஞ்சச் சேலை நெசமாவே நல்லாருக்குதுங்களா?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "தறிக்காரங்க ஊருல ஒக்காந்துட்டு அடுத்தவன் நெசவக் கொற சொல்றதா? நெய்யறவன் கேட்டா மனசு என்னத்துக்கு ஆகும்?"

எதிர்வீட்டு அக்கா ஆமோதித்துத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேனேஜரிடம், இவர்கள் அனைவரும் தனித்தனி உயிருள்ள மனிதர்கள்தான், ஒற்றுமை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் வெகுநேரம் சிரித்தார். கணக்குகளைத் திறக்க வைத்தார். ஆனால் இன்னொரு சுற்றுத்தான், அதுவும் இப்படியே வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

தனியாகச் செய்யுங்கள் என்று சொல்லலாம். உண்மையைச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? அறிவுறுத்தலை எழுதி எழுதி அழித்தேன். 'தயவுசெய்து நேர்மையான கருத்தைப் பதிவிடவும்' என்று எழுதிப் பார்த்தேன். அதைப் படித்தால் பள்ளிக்கூடத்தில் கை நீட்டச் சொன்ன மாதிரி இருந்தது.

இந்த நேரத்தில் வீட்டுக்காரரின் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க இளம்பிள்ளைக்கு ஒரு வேன் நிறையக் கிளம்பினோம். கடையில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு சேலையை விரித்து, எப்படி என்று பொதுவாகக் கேட்டார். நல்லாருக்குதுங்க என்று மொத்த வேனும் ஒரே குரலில் சொன்னது. நானும்தான். பொண்ணு வீட்டாரும் அப்படியே. பில் போட்டாயிற்று.

வரும் வழியில் சங்ககிரிக்கு அருகே டீக்கு நிறுத்தினார்கள். எதிர்வீட்டு அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அந்தக் கரைய யாராச்சும் எடுப்பாங்களா? நான் வாயத் தொறக்கலை." அவர் நகர்ந்ததும் தையல்கார அக்கா வந்தார். "கலரு ரெண்டு தொவைக்குத் தாங்காதுங்க. யாருகிட்டயும் சொல்லீராதீங்க." வேன் கிளம்பியதும் பக்கத்து சீட்டிலிருந்த சித்தி முறையாகிறவர் என் காதில் சாய்ந்தார். சங்ககிரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஒரு சேலையைப் பற்றி எனக்கு வேன் நிறைய அபிப்பிராயங்கள் கிடைத்தன. ஒன்று போல் இன்னொன்று இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கல்யாணத்துக்கும் சேலை எடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து, அறிவுறுத்தலை மாற்றினேன். 'கடையில் எல்லோரும் பார்த்தாயிற்று. சேலை எடுத்தவர் முன்னால் வண்டியில் போய்விட்டார். நீங்கள் வேனில் திரும்பி வருகிறீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் யாரிடமும் சொல்ல மாட்டார். இப்போது அவர் காதில் சொல்லுங்கள்.' எழுதுவதை எடுத்துவிட்டு, குரலில் பதிவு செய்யும்படி மாற்றினேன். காதில் சொல்வதை யாராவது எழுதிக் கொடுப்பார்களா? கேட்கப்போவது யார் என்று விசாரித்தவர்களிடம், கம்பெனி ஆள் என்றேன்; அது நானும்தானே.

குரல் என்றதும் வேறு தொல்லை வந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்குத்தான் எங்கள் வீதியில் காக்கை கத்துவது காதில் விழும். கரண்ட் இல்லாததால் வைஃபையும் கிடையாது, கூடத்தில் மாநாட்டுக்கும் வழியில்லை. வீதியில் சிக்னல் சுமார்தான் என்பதால் ஒருவர் மொட்டைமாடியில், ஒருவர் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், ஒருவர் வீதி முனையில் என்று அவரவர் சிக்னலைத் தேடிப் பிரிந்து போனார்கள். நான் மாடி அறையில் வேர்த்து விறுவிறுத்து, போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கவனமாகப் பார்த்துத்தான் பேசுகிறார்களா என்று சோதிக்க, நமக்கே நன்றாகத் தெரிந்த ஓரிரு படங்களை இடையில் கலந்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம். என்னுடைய முகூர்த்தப் பட்டைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த சேலை எது? பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிலில் விரித்து, கரையும் முந்தியும் மட்டும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். பளீரென்ற ரோஸ் நிறம், பச்சைக் கரை. மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. எனக்கு அரக்கு நிறத்தில் ஆசை, கண்ணும் அதன் மேலேயே இருந்தது. கடையில் அத்தை கேட்டபோது, நல்லாருக்குங்கத்தை என்றுதான் சொன்னேன். இந்த ஊரில் பிறக்காவிட்டாலும் அந்தப் பாடத்தை நானும் படித்தவள்தான்.

பதில்கள் வர ஆரம்பித்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"முந்தி நல்லாருக்குதுங்க. அதுக்காக முந்திய மட்டும் கட்டிட்டுப் போக முடியாதுங்களே." இது எதிர்வீட்டு அக்கா.

"இதைய நனைச்சா ஊட்டுக்காரரு வேட்டியும் சேர்ந்து கலராயிரும்." இது தையல்கார அக்கா.

அந்த மஞ்சள் சேலைக்கு நாத்தனார் எடப்பாடியிலிருந்து சொன்னார்: "இதக் கட்டிட்டு ரோட்டோரம் நின்னா பஸ்ஸு தானா நின்னுருமுங்க."

சத்தம் போட்டுச் சிரித்தால் கீழே கேட்கும் என்று துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன். திட்டுகிறவர்களுக்கு நடுவே மெச்சுகிறவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குப் பிடித்தது அடுத்தவருக்கு ஆகவில்லை. வெள்ளோட்டம் தேறிவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் என் முகூர்த்தப் பட்டின் முறை வந்தது. தளத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். குரலுக்கு எண் எதற்கு?

"ஏனுங்க, நீங்க யாரோ எவரோ, எங்கயோ இருப்பீங்க. அதனால சொல்றேன். இதே மாதிரி சேலை ஒண்ணு எங்கூட்டுலயும் இருக்குதுங்க. மருமகளுக்கு முகூர்த்தத்துக்கு நாந்தான் எடுத்தேன். எடுக்கறப்பவே எனக்குப் புடிக்கலீங்க. பஞ்சு முட்டாயக் கிளி கொத்துனாப்புல இருந்துது. கூட வந்தவங்க எல்லாரும் நல்லாருக்குதுன்னாங்க, சரின்னுட்டேன். அந்தப் புள்ளையும் நல்லாருக்குங்கத்தைன்னுது. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா? இன்னைக்கும் நோம்பி விசேசம்னா அதையேதான் கட்டுது, நான் வருத்தப்படுவேன்னு."

குரலுக்குப் பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. மொட்டைமாடியில் நின்றிருக்கிறார். என் தலைக்கு நேர் மேலே.

"இந்த வேலை சரியா வல்லீன்னா அது பெங்களூருக்கே போயிருமாமுங்க. பையன் சொன்னான். அதுக்குத்தான் மொதல்ல நாங்க அத்தனை பேரும் பேசி வெச்சு நல்லாருக்குதுன்னே போட்டோம். எல்லாம் நல்லாருக்குதுன்னா பாஸாயிரும்னு நெனச்சோம். அது தப்பாப் போயிருச்சு. சேலை நல்லால்லீங்க. புள்ள நல்ல புள்ள. பாத்து பாஸ் போட்டு உடுங்க."

துப்பட்டா இப்போது கண்ணுக்குத் தேவைப்பட்டது. அடுத்தவன் நெசவைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவர், என்னை அனுப்பக் கூடாது என்பதற்காக ஒரு வீதியையே திரட்டிப் பொய் சொல்ல வைத்திருக்கிறார். ஒன்றும் தெரியாத மாதிரி தினமும் மாடிக்கு டீயும் அனுப்பியிருக்கிறார்.

திரையில் ஏற்கவும், நிராகரிக்கவும் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. சேலையை விட்டுவிட்டு வேறு கதை பேசினால் நிராகரிக்க வேண்டும் என்று விதி எழுதியவள் நான்தான். ஆனால் சேலை நல்லா இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது, காரணமும் இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

சில நாள் கழித்து மேனேஜரின் பதில் வந்தது. வெள்ளோட்டம் தேறிவிட்டது, வேலை முழுவதையும் அங்கிருந்தே நடத்தலாம் என்றிருந்தது. கீழே ஓடிப் போய், பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், "வேலை பாஸாயிருச்சுங்கத்தை, நான் இங்கேயேதான்" என்றேன். எங்கேயாவது போவதாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. "செரி சாமி" என்று மட்டும் சொல்லி, கிரைண்டரில் தேவையில்லாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. வழக்கம்போல முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு, பூ வைத்து, கூடத்துக்கு வந்து நின்றேன்.

"எப்புடிங்கத்தை இருக்குது?"

அத்தை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வேன் இன்னும் வரவில்லை, கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"கண்றாவியா இருக்குது கண்ணு. எம் பீரோவுல அரக்குல ஒண்ணு எடுத்து வெச்சிருக்கறேன். போயி அதையக் கட்டிட்டு வா."