அக்கா நம்பாத தாள்கள்

எங்கள் அன்பு அக்கா ஹற்றனுக்கு அருகே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் வடக்கே கனகராயன்குளத்துக்கு அருகே காடு வெட்டிக் குடியேறினோம். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது.

தோட்டத்தில் அப்பாவிடம் வந்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கணக்கப்பிள்ளை சொன்னதே அவற்றின் பொருள். அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. வவுனியாவில் ஒரு கடைக்காரர் பொட்டலம் கட்ட வைத்திருந்த, அட்டையில்லாத ஆங்கில அகராதியையும், சொல்லுக்கு விளக்கம் பொருத்தும் பயிற்சிப் புத்தகம் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தார். இடப்பக்கம் சொற்கள், வலப்பக்கம் விளக்கங்கள், கடைசிப் பக்கத்தில் விடைகள். அகராதியோடு ஒப்பிட்டபோது விடைகளில் இரண்டு இடம் மாறியிருக்கக் கண்டார். அன்றே கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

பிறகு அவருக்கென்று ஒரு முறை உண்டானது. சொற்களையும் விளக்கங்களையும் தனித்தனித் துண்டுகளில் எழுதுவார். தான் பொருத்தியதை மறைத்துவிட்டு, துண்டுகளைக் கலைத்து, கூடவே படித்துவந்த என்னிடம் தருவார். இருவர் விடையும் ஒன்றானால்தான் அந்தச் சொல் கொப்பியில் ஏறும்.

வந்த மூன்றாம் ஆண்டு, காணி அனுமதிப் பத்திரம் எடுத்துத் தருவதாக ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, சைக்கிள், தோற்பை.

“ஐயா, இதிலை கையெழுத்தை வையுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அப்பா பேனையை வாங்கிவிட்டார். அக்கா தாளை எடுத்துக்கொண்டார்.

“ஒரு நாளைக்கு வச்சிட்டுப் போங்க.”

“ஏன் பிள்ளை, என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“இல்லீங்க.”

அவர் சிரித்தார். “சரி, நாளைக்குப் பின்னேரம் வாறன். அதுக்கிடையிலை நீர் பாரிஸ்டராயிடுவீர்.”

தாளில் தெரியாத ஆங்கிலச் சொற்கள் பதினெட்டு. அந்தச் சொற்களும் அகராதியில் எடுத்த விளக்கங்களும் எழுதிய துண்டுகளோடு என்னை மிளகாய்த் தோட்டத்துக்கு அனுப்பினார். தான் உள்ளே இருந்தார். இருவர் விடைகளும் ஒத்தன. காணி, வயல், ஏக்கர் என்று பொருள் தரும் துண்டு ஒன்றுகூட இல்லை. தலைப்பில் இருந்த நீண்ட சொல்லுக்கு, ஒருவரை அவருடைய சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் என்ற துண்டு பொருந்தியது.

அப்பாவுக்கு அதில் பயம் தோன்றவில்லை. “நான் பொறந்தது இங்க. என் நாடு இதுதானே?”

“இங்க இருக்கவங்கள இங்கேயே அனுப்ப எதுக்குப்பா பேப்பரு? இத எழுதினவங்களுக்கு நம்ம நாடு, தாத்தா கடல் தாண்டி வந்த நாடுதான்” என்றார் அக்கா.

அப்பா தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு பேனையை மூடினார்.

மறுநாள் வந்தவரிடம் தாள் கையெழுத்தில்லாமலே திரும்பியது. “இதுல காணின்னு ஒரு வார்த்தை இல்லீங்க.”

“உது முதல் படி பிள்ளை. காணி பிறகு.” தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அதன் பின் அவரை நாங்கள் காணவில்லை. அவருக்கும் ஆங்கிலம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். “தெரியாதவரு எதுக்கு மடிச்சு ஒளிச்சாரு?” என்று அக்கா கேட்டார்.

அந்தச் சந்தேகம் நல்லவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பயிருக்குப் பசளை தருவதற்கு உண்மையாகவே வந்த விண்ணப்பத்தை அக்கா ஒரு மாதம் ஆராய்ந்ததில் அந்தப் போகம் பசளையின்றிப் போனது. மலேரியாக் காய்ச்சலில் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் குளிசைப் பெயரை வாசிக்காமல் விழுங்க மறுத்தார். ஐந்தாம் நாள் காலை எங்களைப் பிரிந்தார்.

அவரை வவுனியாவிலிருந்து உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து சேர்த்த நெடுங்கேணி அண்ணருக்கும், காட்டோரத்தில் சிதைக்கு விறகு அடுக்கியவர்களுக்கும், எட்டு நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த, பக்கத்துக் காணி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தாருக்கும் நன்றி கூறுகிறோம். அன்று அப்பா கையெழுத்திட்டிருந்தால் உங்களில் ஒருவரையும் நாங்கள் அறிந்திருக்க மாட்டோம்.