சாட்சிக்காகப் போட்ட சட்டை

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாத்தான் வரும், நடந்ததும் மறந்து மறந்து போகுது. சபைப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், பொறுத்துக்கோங்க.

என் வீட்டுக்காரர் திருமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஈரல் கெட்டுப்போச்சு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வில்லாபுரம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள் நான். அன்றைக்கு எழுந்து, "கர்த்தர் என் வீட்டுக்காரருக்குப் பூரண சுகம் கொடுத்துட்டார்" என்றேன். விசுவாசத்தோடு முன்கூட்டியே அறிக்கையிட்டால் அப்படியே நடக்கும் என்று ஜெபக்கூட்டத்தில் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். சபை முழுக்க அல்லேலூயா.

மறுநாளே, சுகம் கொடுத்ததற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபத்துக்குச் சபை ஆட்கள் வந்துவிட்டார்கள். கேட் சத்தம் கேட்டதும் அவர், "ஏ புள்ள, அந்த வெள்ளைச் சட்டைய எடு" என்றார்.

"எதுக்குங்க? படுங்க."

"சுகமானவன் படுத்துக் கெடந்தா உன்னையத்தான பொய்க்காரின்னுவாங்க. வாயில்லாத பூச்சி, இம்புட்டுப் பெரிய பேச்சாப் பேசிட்டு வந்திருக்க!" சிரித்தார்.

வயிறு வீங்கிப் பித்தான் பூட்ட முடியவில்லை. துண்டைப் போட்டு மறைத்தேன். முக்கால் மணி நேரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டுக்குக் கைகூடத் தட்டினார். அவர்கள் போனதும் அப்படியே சரிந்தார்.

அந்த வாரம் மூன்று தரம் இப்படி. கல்லறையைப் பற்றியோ மகளைப் பற்றியோ அவர் வாயெடுத்தால், "அவிசுவாசமாப் பேசாதீங்க" என்று அடக்கிவிடுவேன்.

நாலாம் தரம் சட்டைக்குள் கையை நுழைக்கவே அவரால் முடியவில்லை. "போதும் புள்ள. நான் போறேன்னு சொல்லிட்டுப் போக விடு" என்றார்.

வாசலுக்குப் போய், வந்தவர்களிடம், "அவருக்குச் சுகமாகல. நான் சொன்னது பொய்" என்றேன். வந்தவர்களில் மூத்த அக்கா உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, அவர் காலை மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் ரெண்டு நாள்தான் இருந்தார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். "பயமா இருக்குதாங்க?" என்று கேட்டேன். "இருக்கு. ஆண்டவருக்கே தோட்டத்துல வேர்த்துச்சே" என்றார். சிலுவைக்கு முந்தின ராத்திரி அந்தத் தோட்டத்தில் ஆண்டவர் சீஷர்களிடம் கேட்டதெல்லாம், என்னோடு கூட முழித்திருங்கள் என்றுதான். இவரும் அதைத்தான் கேட்டிருக்கிறார். சாட்சி சொன்னதிலிருந்து அஞ்சு நாள் நான் பக்கத்திலேயே இருந்தும் இல்லாமல் போனேன்.

நான் சாட்சி சொன்னது, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறா, பிந்தினதா, ஞாபகமில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். சட்டை போட்டது மூன்று தரம்தானா என்று என் மகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். குறைத்து எழுதியிருப்பேனோ என்று இருக்கிறது.