பந்தைப் பார்க்காத பயிற்சியாளர்

பயிற்சி நடக்கும்போது நேடின் க்ரூகர் பந்தைப் பார்ப்பதில்லை. ஆடுகளத்துக்கு வெளியே நின்று, சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி, ஓடும் பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "பந்து எங்கயும் தொலைஞ்சு போயிடாதுடி. உன் காலு எங்க போகுதுன்னு மொதல்ல பாரு."

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் மில்பர்ன் கல்லூரிக்கு அவர் வந்தபோது பெண்கள் கூடைப்பந்து அணிக்கென்று பேருந்து கிடையாது. பழைய வேன் ஒன்றைத் தானே ஓட்டிப்போய், தோற்றுத் தோற்றுத் திரும்பினார். பிறகு ஜெயிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கோப்பைகளுக்கு இடம் போதாமல் கல்லூரி புது அலமாரி செய்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுப் பார்த்தன. "அங்க போனா டிவில சிரிக்கணும். எனக்கு வராது" என்று சொல்லிவிட்டார்.

கணவர் மெர்ல் பன்றிப்பண்ணை வைத்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் போனில் அவர் கேட்பது ஒன்றைத்தான்: "வந்து சாப்பிடுறியா, சாப்பிட்டுட்டு வர்றியா?" ஜெயித்தார்களா தோற்றார்களா என்பது, பதில் வரும் குரலிலேயே தெரிந்துவிடுமாம்.

போன மார்ச்சில் வட்டார இறுதி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தேசியப் போட்டி. அணியின் பலமே கெசையா டாலிவர்தான். கடைசி வருட மாணவி. அன்று காலை விடுதிப் படியில் அவள் இறங்குவதை நேடின் கீழே நின்று பார்த்தார்.

"முட்டி எப்பலேருந்து வலிக்குது?"

"வலிக்கலையே கோச்."

"அப்ப கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு எறங்குனது சும்மா ஆசைக்கா?"

அணி மருத்துவர் அழுத்திப் பார்த்தார். "கட்டுப் போட்டா ஆடிடலாம். உள்ள கிழிஞ்சுதுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"எனக்கு இதுக்கப்புறம் ஆட்டமே கெடையாது கோச்" என்றாள் கெசையா.

"தெரியும். இன்னிக்கு நீ உக்காரு."

ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். கூட்டத்தில் யாரோ, "கெழவிக்குப் புத்தி மழுங்கிப் போச்சு" என்று கத்தியது ஆடுகளம் வரை கேட்டது. கல்லூரித் தலைவர் பக்கத்தில் வந்து, "கடைசி அஞ்சு நிமிஷமாவது அந்தப் பொண்ணை எறக்கியிருக்கலாமே நேடின்" என்றார்.

"எறக்கியிருக்கலாம். ஜெயிச்சும் இருப்போம்" என்றார் நேடின்.

திரும்பும்போது பேருந்தில் கெசையா கடைசி வரிசையில், தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் நேடின் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரும் நேடின், வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் ஐஸ் பை ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதுவும் கேட்காமல் அவள் காலை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஐஸ் பையை முட்டியின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கெசையா திரும்பிப் பார்க்கவில்லை. காலை எடுத்துக்கொள்ளவும் இல்லை.