இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன்

பேய், பிசாசு, சாமி வாக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். பல்லி சத்தத்துக்குப் பலன் சொன்னவரிடம் "அதுக்குப் பசிங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கும் நிம்மதிதான்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இது புரியாது. கள்ளக்குறிச்சியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எமுலேட்டர் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் பொய்க் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில புரோகிராம் எப்போதோ ஒருமுறை படுத்துக்கொள்ளும், மறுபடி ஓட்டினால் சமத்தாக ஓடும். அந்தக் கள்ளத்தனத்தைப் பிடிக்க, ஓடும்போதே கீபோர்டு, கடிகாரம், நெட்வொர்க் என்று வெளியிலிருந்து வந்த எல்லாவற்றையும் பதிந்து வைப்போம். திரும்ப ஓட்டும்போது நிஜக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நான் செய்த பொய்க் கடிகாரத்தை மாட்டுவோம், அது பதிந்ததையே ஒப்பிக்கும். பகடை உருட்டுவதற்குக்கூடப் பொய்ப் பகடை உண்டு. வெளியிலிருந்து ஒரு துரும்பு உள்ளே வராதவரை எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே முடிவுதான். மாறினால், எங்கோ ஒரு வாசலை நான் அடைக்கவில்லை என்று அர்த்தம்.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ கல்வராயன் மலையில் இருக்கும் அம்மனிடம் பூ கேட்காமல் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன்னால் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"உசுரைப் பூவுல வெச்சி ஆடிக்கினு இருக்கியேக்கா, இன்னா நியாயம் இது?" என்று கத்தினேன்.

"நீயே கட்டுடா. உன் கையால கட்டுனா போதும் எனக்கு," என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பகடைக்கே பொய்ப் பகடை செய்கிறவனுக்குப் பூ எம்மாத்திரம்? பஸ் ஸ்டாண்டில் வெள்ளரளியும் செவ்வரளியும் அவள் கண் முன்னாலேயே வாங்கினேன். வெள்ளிமலை போய் அங்கிருந்து ஜீப் பிடித்து இறங்கியதும், கை கழுவி வருகிறேன் என்று ஓடைப் பக்கம் ஒதுங்கிச் செவ்வரளி அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிட்டேன், அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளையை வைத்து நாரால் கட்டினேன். பொட்டலத்தைக் கையை விட்டு விடவில்லை. கோயிலைச் சுற்றிக் கடுக்காய் மரம்தான், ஒரு சிவப்புப் பூ கிடையாது. எல்லா வாசலும் அடைத்தாயிற்று என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம் எனக்கு.

நல்ல உச்சி வெயில். பூசாரி இரண்டையும் வாங்கி எங்கள் கண்ணெதிரே அம்மன் காலடியில் வைத்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"நீங்களே பிரிங்க தம்பி."

பிரித்தேன். சிவப்பு. பூசாரி மற்றதையும் பிரித்துக் காட்டினார், அது வெள்ளை. அவர் மாற்றியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நான் இடதுகைக்காரன், என் முடிச்சு எல்லோருக்கும் விழுவதற்கு எதிர்ப்பக்கமாக விழும். அந்தச் செவ்வரளிப் பொட்டலத்தில் இருந்தது என் முடிச்சு.

அக்கா குங்குமத்தை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஆபரேஷனுக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். உண்மையைச் சொல்லலாம்தான், ஆனால் இரண்டிலும் வெள்ளை வைத்தேன் என்று சொன்னால் அந்தச் சிவப்பு இன்னும் பெரிய சத்தியமாகிவிடுமே! வாயை மூடிக்கொண்டு, "பாதிக்குப் பாதி சான்ஸ்தானேக்கா, இன்னொரு வாட்டி கேட்டுப் பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் மாடிப்படியில் பாதி ஏறி முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் அதே பாட்டைப் பாடினேன். பாதிக்குப் பாதி சான்ஸ்தானேக்கா.

அவள் மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பாதிக்குப் பாதி இன்னாடா பாதிக்குப் பாதி? நீ ரெண்டுலயும் வெள்ளதான் வெப்பன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் உன்னையே கட்டச் சொன்னேன். எனக்கும் உசுரோட இருக்கணும்னு ஆச இருக்காதா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவும் செவப்பு வந்துச்சேடா. இனிமே நான் யாரைக் கட்டச் சொல்றது?"