விலைச்சீட்டு காட்டிய சாடை

கத்பர்ட் ஹெஸ்லாப் நிலக்கரி வெட்டியவர். சிறு வயதில் ஹார்ட்லா சுரங்கத்தில் இறங்கினார். முழங்கால் மடங்க மறுத்த பிறகு மேலே வந்து, விளக்கு அறையில் எனக்கு அடுத்த மேசையில் விளக்குகளைத் துடைத்துக் கொடுத்தார். யார் எந்த விளக்கோடு இறங்கினார்கள், யார் ஏறி வந்தார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. எங்கள் ஊர் லீக்ஸ் சங்கத்துக்கும் நானே செயலாளர். அவரோடு எனக்கு இருந்த பழக்கம் இவ்வளவுதான். அதை ஒரு கொடுப்பினையாகவே நினைக்கிறேன்.

லீக்ஸ் வெங்காயத்துக்கு உறவுக்காரி. தண்டு வெள்ளையாக இருக்கும், இலை நீளமாக இருக்கும். இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள எங்கள் சுரங்க ஊர்களில் அதை வாய்க்கு ருசியாக என்று யாரும் வளர்ப்பதில்லை. செப்டம்பரில் சங்கம் நடத்தும் போட்டிக் காட்சியில் ஜோடி ஜோடியாகக் கழுவி வைப்போம். நடுவர் நாடாவை எடுத்து ஒவ்வொரு தண்டின் சுற்றளவையும் பார்ப்பார். முழங்கைக் கனத்துக்குத் தண்டு வராவிட்டால் அந்த வருஷம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

கத்பர்ட் அதிகம் பேசாதவர். அவர் மனைவி மெக் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். குளிர் விழுந்த நாட்களில் அவர் தன் பழைய மேல்கோட்டை லீக்ஸ் பாத்தியின் மேல் விரித்துவிட்டு வெறும் சட்டையோடு திரிவார். “எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இந்தக் கோட்டு எங்கன்னே தெரியலையாம்” என்று மெக் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

1954ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. கத்பர்ட் லீக்ஸை வளர்ப்பதில்லை, நியூகாசில் சந்தையில் வாங்கி வருகிறார் என்று. பெரிய லீக்ஸை வளர்த்துக் காதும் காதும் வைத்தாற்போல் விற்கிறவர்கள் அங்கே இருந்தது உண்மை. மெக்குக்கு இது கூட்டுறவுக் கடை வரிசையில் தெரிய வந்தது. கத்பர்ட்டிடம் யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பஸ் நேரம் கேட்டார்கள், சந்தையில் கூட்டமா என்று விசாரித்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள்.

காட்சி நாளன்று அவர் ஜோடிக்கே முதல் பரிசு. மதியம் சங்கக் கட்டட மண்டபத்தின் கதவு திறந்து கூட்டம் உள்ளே வந்தபோது அந்த லீக்ஸ்மேல் ஒரு சிறு அட்டை சாய்ந்து நின்றது. காய்கறிக்காரர்கள் குவியலில் செருகி வைக்கும் விலைச்சீட்டு. “கட்டு ஒரு ஷில்லிங்.” பெயர் இல்லை, வசவும் இல்லை. பார்த்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். கத்பர்ட் சீட்டை எடுத்து கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, பரிசுக் கோப்பையைத் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“சங்கத்துல என் பேரை அடிச்சிரு, ஐசக்.”

“அடிச்சா நீ ஒத்துக்கிட்டதா ஆயிரும்.”

“அடிக்காட்டி அடுத்த வருஷமும் அந்தச் சீட்டு வந்து உக்காந்துக்கும்.”

அவருக்கு எழுத்து வேலை வராது. அதனால் அந்த வாரமே நான் அவரைப் பக்கத்து நகரத்து வழக்கறிஞர் ஸ்டோக்கோவிடம் கூட்டிப்போனேன். பொறுமையான மனிதர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல விலைதானே போட்டிருக்கு?”

“அதாங்க சார் தப்பு” என்றார் கத்பர்ட்.

ஸ்டோக்கோ சிரிக்கவில்லை. ஒருவரைப் பற்றி வாயால் அவதூறு பேசினால் அதற்குச் சட்டத்தில் ‘ஸ்லாண்டர்’ என்று பெயர். பெரும்பாலும் அதனால் நேர்ந்த நஷ்டத்தைக் காட்டியாக வேண்டும். எழுத்தில் வந்தால் அது ‘லைபல்’; பெயர் கெட்டதே போதும், நஷ்டக் கணக்கு வேண்டாம். இது எழுத்துத்தான். ஆனால் எழுத்தில் அவதூறு இல்லையே என்றார். அதற்கும் வழக்கறிஞர்களிடம் பழைய சொல் ஒன்று உண்டாம்: ‘இன்யுவெண்டோ’. லத்தீனில் அதற்குத் தலையசைத்துச் சுட்டுவது என்று பொருள். நீதிமன்ற ஏடுகள் லத்தீனில் இருந்த காலத்தில் எழுத்தர்கள் அவதூறான வாக்கியத்தை அப்படியே எழுதுவார்களாம். ‘அந்த ஆள்’ என்று வரும் இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டு, இன்னாரைத்தான் சொல்கிறது, இன்ன குற்றத்தைத்தான் சொல்கிறது என்று பக்கத்திலேயே விளக்குவார்களாம். ‘அதாவது’ என்று நாம் எழுதுகிற மாதிரி. இடையில் நின்று விளக்கிய அந்தச் சொல்லே பிறகு மறைந்திருக்கும் பொருளுக்குப் பெயராகிவிட்டது. நம் வாயில் வருவதானால், சாடை.

நான் அதை எழுதிக்கொண்டேன். என்னைப் போன்ற ஒரு எழுத்தர் கையில் பிறந்த சொல் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வழக்குப் போட வேண்டுமானால் இரண்டு காரியம் என்றார் ஸ்டோக்கோ. சீட்டு என்ன சொல்கிறது என்பதை நாமே பச்சையாக எழுத வேண்டும். பிறகு, சீட்டைப் பார்த்ததும் எனக்கு அப்படித்தான் புரிந்தது என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும். நம்பியிருக்க வேண்டியதில்லை, புரிந்திருந்தால் போதும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கத்பர்ட் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மண்டபமே புரிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. ஆளுக்கு என்ன பஞ்சம்?”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கக் கட்டடத்தில் உறுப்பினர்களைக் கூட்டினேன். ஸ்டோக்கோ எழுதித் தந்த வாக்கியத்தை வாசித்தேன்: “இந்த விலைச்சீட்டின் பொருள், கத்பர்ட் ஹெஸ்லாப் தம் லீக்ஸைச் சந்தையில் வாங்கிக் காட்சிக்கு வைத்தார் என்பதே.” இப்படிப் புரிந்துகொண்டவர்கள் எழுந்து நிற்கலாம் என்றேன்.

ஒருவரும் எழவில்லை. ஒருவர் அன்று தாம் கண்ணாடி போட்டுவரவில்லை என்றார். இன்னொருவர் சீட்டு எங்கிருந்தாவது தவறி விழுந்திருக்கும் என்றார். மூன்றாமவர் தம் புகைக்குழாயைக் குடைந்துகொண்டிருந்தார். அத்தனை பேரும் கத்பர்ட்டை நல்லவர் என்றே சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லக் கத்பர்ட்டின் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது.

அப்போது ரால்ஃப் சார்ல்டன் எழுந்தார். அந்த வருஷம் இரண்டாம் பரிசுக்காரர். அதற்கு முந்தின வருஷங்களிலும் பெரும்பாலும் அதே. கத்பர்ட்டும் அவரும் வேலிக்கு மேல் ஒருவர் பாத்தியை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

“எனக்குப் புரிஞ்சுது. பாத்த உடனே புரிஞ்சுது. நம்பவும் செஞ்சேன்.”

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

“சீட்டை வச்சது நானில்ல. ஆனா பேச்சு என்கிட்டருந்துதான் கிளம்புச்சு. ஆகஸ்ட்ல நியூகாசில்லருந்து வர்ற பஸ்ல உன்னைப் பாத்தேன், கத்பர்ட். மடியில பை. பைக்கு வெளிய லீக்ஸ் இலை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. என் மச்சான்கிட்ட சொன்னேன். உன்கிட்ட கேக்கல.”

கத்பர்ட் மெதுவாக எழுந்தார். “அது சூப்புக்கு வாங்கினது.”

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“மெக் பார்லி சூப்பு கேட்டா. காட்சிக்கு ஒரு மாசம் இருக்கு. என் பாத்தியில கத்தி வைக்க எனக்கு மனசு வரல. இங்க நம்ம கடையில வாங்கினா எல்லாரும் பாப்பீங்க. லீக்ஸ்காரன் லீக்ஸ் வாங்குறான்னு சிரிப்பீங்க. அதான் நியூகாசில் போனேன். மெக்கையும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

பின் வரிசையில் கிழவர் டாட் தொண்டையைச் செருமினார். “என் வீட்டுலயும் மூணு வாரமா கடை லீக்ஸ்தான். தோட்டத்துல கை வச்சா நான் சங்கக் கட்டடத்துலயே குடியிருந்துக்குவேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள், ஒரு வீட்டில்கூட அந்த மாதம் சொந்த லீக்ஸ் சட்டிக்குப் போகவில்லை. கத்பர்ட் மட்டும் சிரிக்காமல் ரால்ஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சரி, நீ எதுக்குய்யா அந்த பஸ்ல வந்தே?”

ரால்ஃபின் காது சிவந்தது. “நானும் அதுக்குத்தான்.”

“அப்புறம் என்னை ஏன்யா சந்தேகப்பட்டே?”

“நான் வாங்கினது சூப்புக்குன்னு எனக்குத் தெரியும். நீ வாங்கினது எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கத்பர்ட் நொண்டிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே போய் அவர் கையைப் பிடித்தார். “வாயைத் தொறந்து சொன்னியே ரால்ஃப், உனக்குப் புண்ணியமாப் போகும். தலையாட்டுறவனுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? ஒரு மாசமா எனக்குப் பதில் சொல்ல ஆள் கெடைக்கல.”

வழக்கு வேண்டாம் என்று ஸ்டோக்கோவுக்கு எழுதினேன். இதைவிட நல்ல தீர்ப்பைத் தம்மால் வாங்கித் தந்திருக்க முடியாது என்று பதில் போட்டார். அந்த ஜோடி லீக்ஸை மெக் கூட்டம் முடிந்த அன்றே வெட்டிச் சட்டியில் போட்டாள். ரால்ஃப் வீட்டாரையும் என்னையும் கூப்பிட்டிருந்தாள். முதல் பரிசு லீக்ஸ் நார் நாராக இருந்தது, ருசியும் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். சீட்டை வைத்தவர் யார் என்று கத்பர்ட் கடைசிவரை விசாரிக்கவில்லை.

வாசலில் விடைபெறும்போது என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என் பேரை அடிச்சிட்டியா?”

“இல்லை.”

“நல்ல வேளை” என்றார். “விதை எடுத்து வச்சிருக்கேன்.”