செம்மேட்டு லாட்ஜில் ஒரு கடல் தொட்டி

இன்று செம்மேட்டில் ஒரு லாட்ஜில் தங்கினேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் கடல் மீன் தொட்டி. பவளமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

நானும் வீட்டில் இப்படி ஒரு சின்னத் தொட்டி வைத்திருப்பவன். சும்மா இருக்க முடியவில்லை.

"தண்ணி கொறஞ்சா என்னங்க ஊத்துவீங்க?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"உப்புத் தண்ணிதானுங்க. கடல் மீனாச்சே. ஒரு வேலையும் வெக்காத தொட்டின்னு கடைக்காரரு சொன்னாருங்க."

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல தண்ணியில கடல் மீனு எப்படிங்க பொழைக்கும்? நாலு மாசமா நாந்தானே பாக்குறேன்."

அவர் பார்த்த லட்சணம், தொட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

சாவிக்கொத்தோடு வந்த அவர் மனைவி, "கொழம்பு சுண்டிக் கரிச்சா, மறுபடியும் உப்புத் தண்ணியா ஊத்துவாங்க?" என்றார். தொட்டியில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, நான் சொன்னபடி நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டார்.

சாயங்காலம் மீன் கீழே இறங்கி நீந்தியது.

அப்போது சேலத்துக் குடும்பம் ஒன்றுக்கு முதலாளி விளக்கிக்கொண்டிருந்தார். "தண்ணிதானுங்க ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும். இது தெரியாமத்தான் நெறையப் பேரு மீனக் கொல்றாங்க."

பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "நீங்களும் தெரிஞ்சுக்கங்க சார்" என்றார்.

தெரிந்துகொண்டேன். உங்கள் பாடத்தை உங்களுக்கே நடத்தியவர்கள் யாராவது உண்டா?