அட்டை நகரத்து லாண்டரி

நகராட்சி அலுவலகத்தின் பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டி ஒரு நீளமான அறை. ஊரின் நடுப்பகுதி முழுவதும் அங்கே ஒரு மேசையின் மேல் இருக்கிறது. பேருந்து நிலையம், மணிக்கூண்டு, கடைத்தெரு எல்லாம் அட்டையாலும் மெல்லிய மரத்தாலும் ஆனவை. அவற்றைச் செய்தவளை அலுவலகமே அட்டையக்கா என்றுதான் கூப்பிடும். ஒட்டினால் விடமாட்டாள் என்று கிண்டல் வேறு. அவளும் சிரித்துக்கொண்டே பசை டப்பாவைத் திறப்பாள்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நகர மையம் எப்படி மாறும் என்று அதிகாரிகள் காகிதத்தில் போட்டதைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்துவது அவள் வேலை. அதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டடத்தின் அடியிலும் ஓர் ஊசி, மேசையில் அதற்கொரு துளை. இடிபடப் போகிற கட்டடத்தை எல்லோரும் பார்க்கப் பிடுங்குவாள், புதியதை அந்த இடத்தில் செருகுவாள். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எவ்வளவு பெரிய மனிதர்களுக்கும் பொம்மை என்றால் ஆசைதான்.

திட்டத்தின் இரண்டாம் கட்ட வரைபடத்தை ஒருநாள் மேசையில் விரித்தாள். மணிக்கூண்டுக்கு எதிர் வரிசை முழுவதும் போய், அங்கே ஒரு திறந்த சதுக்கம் வருகிறது. அந்த வரிசையின் மூலைக் கட்டடத்தில்தான் அவள் தங்கையும் தங்கை புருஷனும் வாடகைக்கு லாண்டரி நடத்தினார்கள். கட்டட ஓனர் அதை விற்கப் போகிறார், இருக்கிற ஒரே மனையை விற்றாவது வாங்கிவிடலாம் என்று முந்தின வாரம்தான் தங்கை பூரித்துப்போய்ச் சொல்லியிருந்தாள். இவளும் நல்ல யோசனை என்று தலையாட்டியிருந்தாள்.

கண்காட்சி திறக்கும்வரை அந்த அறையில் பார்த்ததை வீட்டுச் சுவருக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அலுவலகத்தின் கட்டளை. விஷயம் கசிந்தால் புரோக்கர்கள் ஊரையே வளைத்துவிடுவார்கள். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் தங்கை நடுத்தெருவுக்கு வருவாள். நேர்கோடு வெட்டுவதில் பேர்போன கை, மணிக்கூண்டின் கூரையைக் கோணலாக வெட்டியது. போன் அடித்தால் தங்கையாக இருக்குமோ என்று எடுக்கத் தயங்கினாள். பத்திரப் பதிவுக்கு நாள் பார்த்தாயிற்று என்று ஒருநாள் போன் வந்தே விட்டது.

அன்று சாயங்காலம் லாண்டரிக்கே போனாள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி முகத்தில் அடிக்க, தங்கை புருஷன் உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"இந்தக் கடை உங்களுக்கு வேண்டாம்டி. ஏன்னு மட்டும் கேக்காத."

தங்கை கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. அக்கா எதையும் காரணம் இல்லாமல் சொல்பவள் அல்ல. அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. புருஷனிடம் எப்படியோ பேசி வாங்குவதை நிறுத்தினாள். அவன் அன்றோடு அட்டையக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டான். பக்கத்துச் செல்போன் கடைக்காரர் முந்திக்கொண்டார். பதிவு முடிந்த கையோடு, காலி செய்யுங்கள் என்றும் சொல்லிவிட்டார். வேறு கடை பார்த்துக்கொள்ளலாம், மனையாவது தப்பியதே என்று அட்டையக்கா மூச்சு விட்டாள்.

அடுத்து, திட்டத்தை முடிவு செய்யும் குழுவின் கூட்டம். நகராட்சித் தலைவர், பொறியாளர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டாம் கட்டம் என்றதும் எதிர் வரிசையை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். மூலைக்கு வந்தாள். லாண்டரியின் சின்னப் பெயர்ப்பலகையைக்கூட அவள் எழுதி ஒட்டியிருந்தாள். கை அதைத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டது. மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் சதுக்கத்தின் துண்டுகளைச் செருகினாள். அடுத்த நொடி எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

தலைவர் குனிந்து பார்த்தார். "இந்தப் பழைய கட்டடம் மூலையில நிக்கிறது நல்லா இருக்கே. இப்படியே இருக்கட்டும்."

தலைமைப் பொறியாளர் வாயைத் திறந்தார். தலைவரின் முகத்தைப் பார்த்தார். வரைபடத்தை மாற்றிவிடலாம் என்றார். இத்தனை ஆண்டு ஆய்வும் கணக்கும் செய்த திட்டத்தில் ஒரு கட்டடத்தின் தலையெழுத்து அவ்வளவு சுலபமாக மாறியது. அட்டையக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அறையைப் பூட்டும்போதுதான், வாங்காதே என்று தங்கையைத் தடுத்த அதே கட்டடத்தைத் தானே காப்பாற்றிவிட்டது உறைத்தது.

கண்காட்சி திறந்த அன்று ஊரே மேசையைச் சுற்றி மொய்த்தது. ஒவ்வொருவரும் தங்கள் கடையைத் தேடினார்கள். செல்போன் கடைக்காரர் மூலைக் கட்டடத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். தங்கையும் வந்திருந்தாள். இரண்டாம் கட்டத்தை அட்டையக்கா செய்து காட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் கிட்டே வந்தாள்.

"வரிசையவே பிடுங்கிட்ட. எங்க கடைய மட்டும் ஏன்க்கா எடுக்கல?"

பொய் சொல்லலாம், தலைவர்மேல் பழியைப் போடலாம். தங்கையின் முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"எடுக்க மனசு வரலடி."

தங்கை கொஞ்ச நேரம் அந்தச் சின்னப் பெயர்ப்பலகையையே பார்த்தாள்.

"வாங்காதன்னு சொல்ல மட்டும் மனசு வந்துச்சு."

அதற்குள் யாரோ மூன்றாம் கட்டத்தைக் காட்டச் சொன்னார்கள். அட்டையக்கா பழைய பேருந்து நிலையத்தைப் பிடுங்கினாள். அவள் நிமிர்ந்தபோது தங்கை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.